முப்பதாவது நாளில் என்ன நடக்கிறது?

அக்னிபத் திட்டத்தில் முதலில் சேர்ந்த பிள்ளைகள் 2022 டிசம்பர் கடைசியிலும் 2023 ஜனவரியிலும் பயிற்சி மையங்களுக்குப் போனார்கள். அவர்களுக்கு நான்காண்டு முடியப்போகிறது. நூற்றுக்கு அதிகபட்சம் 25 பேர் படையில் தங்கலாம். மற்றவர்கள், சம்பளப் பிடித்தமும் அரசின் பங்கும் சேர்ந்த சேவா நிதிப் பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். இந்த நேரத்தில் நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்விதான் பல கையெழுத்துகளில் இருக்கிறது. லீவில் வந்த மகன் திரும்பிப் போக மாட்டேன் என்கிறான், எப்படியும் அனுப்பத்தானே போகிறார்கள் என்கிறான், என்ன செய்வார்கள்? வேலூர்ப் பக்கத்துத் தாயார் ஒருவர் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்: “முப்பது நாள் தாண்டினால் ஓடிப்போனவன் என்று முத்திரை விழுந்துவிடும், அப்புறம் திரும்பிப் போயும் பிரயோஜனமில்லை என்று பட்டாளத்தில் இருந்து வந்த பெரியவர் சொல்கிறார்.”

பெரியவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பித்தான் பல பையன்கள் திரும்பிப் போகாமல் இருந்துவிடுகிறார்கள்.

முதலில் அக்னிவீர், அதாவது இந்தத் திட்டத்தில் சேர்ந்த சிப்பாய், விஷயம். பென்ஷன் கிடையாது, ரேங்க் தனி, சின்னம் தனி என்று எல்லாவற்றிலும் அவரைத் தனியாக வைத்த அரசு, 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தை மட்டும் குறையில்லாமல் கொடுத்திருக்கிறது. நான்காண்டுச் சிப்பாய்க்கும் பதினேழு ஆண்டுச் சிப்பாய்க்கும் தண்டனைப் பிரிவுகள் ஒன்றே. விருப்பப்பட்டுச் சேரும் வேலை என்பது அரசின் வாதம். சேர்வது விருப்பம்தான். நடுவில் விலகுவது விதிவிலக்கான சூழலில், மேலிடம் அனுமதித்தால் மட்டும். அப்படி அனுமதியோடு விலகுபவருக்கும் அவர் சம்பளத்தில் பிடித்த பணமும் வட்டியும்தான் கிடைக்கும். அரசு தன் பங்கைத் தராது.

சட்டத்தில் இரண்டு குற்றங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 39-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் போவதையும் தகுந்த காரணமின்றி லீவு முடிந்தும் தங்கிவிடுவதையும் சொல்கிறது. அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை. 38-ஆம் பிரிவு டெஸர்ஷன், அதாவது படையை விட்டு ஓடிப்போவது. அதற்குச் சாதாரண நேரத்தில் ஏழாண்டு வரை. போர்ப்பணியில் இருக்கும்போது, அல்லது அதற்குக் கிளம்பு என்று உத்தரவு வந்தபின் ஓடினால் மரண தண்டனை வரை. இரண்டையும் பிரிப்பது நாள் கணக்கு என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். பிரிப்பது எண்ணம். இனி திரும்பக் கூடாது என்று முடிவெடுத்துக் கிளம்பியவன் முதல் நாளே டெஸர்ட்டர். அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தங்கிவிட்டவன் ஐம்பதாவது நாளிலும் லீவு மீறியவன்தான். ஒரு கேப்டன் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றமும் இந்த வித்தியாசத்தை எண்ணத்தில்தான் வைத்தது.

அப்படியானால் முப்பது நாள் எங்கிருந்து வந்தது? 106-ஆம் பிரிவிலிருந்து. இந்தச் சட்டத்திலேயே சாமர்த்தியமான பிரிவு என்று இதைத்தான் சொல்வேன். உறுத்துவதும் இதுதான்.

ஒருவர் அனுமதியின்றி முப்பது நாள் வராவிட்டால் யூனிட்டில் கோர்ட் ஆஃப் என்கொயரி என்னும் விசாரணைக் குழு கூட வேண்டும். கூட்டலாம் என்றில்லை, கூட்டியே ஆக வேண்டும். சத்தியப் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல வருபவர்கள் எல்லாம் யூனிட் ஆட்கள்: லீவு எப்போது முடிந்தது என்று காகிதம் காட்டுபவர், ரோல்காலில் ஆள் இல்லை என்பவர், அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து கணக்கெடுத்தவர். பெட்டிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். ஆள் வராததை விசாரிக்கும் அதே பிரிவு, அவர் பொறுப்பில் இருந்த ஆயுதம், தோட்டா, உடுப்பு, தளவாடம் எது குறைகிறது என்றும் விசாரிக்கச் சொல்கிறது. ஆகவே ஒரே அறிக்கையில் ஒரு மனிதனும் ஒரு ஜோடி பூட்ஸும் சேர்ந்து காணாமல் போகலாம்.

வராததற்குத் தகுந்த காரணம் இல்லை என்று தோன்றினால், இத்தனை நாள் இல்லை என்று விசாரணைக் குழு அறிவிக்கும். கமாண்டிங் ஆபீசர் அதைக் கோர்ட் மார்ஷல் புத்தகத்தில் பதிவார். அதன் பிறகும் ஆள் சரணடையாமலோ பிடிபடாமலோ இருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர் டெஸர்ட்டர் என்று கருதப்படுவார்.

இதில் எந்த இடத்திலும் ‘அவன் என்ன எண்ணத்தில் போனான்’ என்ற கேள்வி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எண்ணம் இருந்தால்தான் 38-ஆம் பிரிவின்படி குற்றம். 106-ஆம் பிரிவோ எண்ணத்தைத் தொடாமலே நாளையும் பூட்ஸையும் எண்ணி அதே பெயரைத் தந்துவிடுகிறது. தகுந்த காரணம் இருந்ததா என்று பார்க்கச் சொல்கிறது, சரி. காரணம் தெரிந்த ஒரே ஆள்தான் அங்கே இல்லையே! ஒருவருடைய நற்பெயரைப் பாதிக்கும் விசாரணை என்றால் அவர் முழுக்க உடனிருக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் 180-ஆம் விதி இருக்கிறது. ஆள் இல்லை என்பதற்காகவே கூடும் விசாரணையில் அந்த விதியால் என்ன பயன்?

பெரியவர் தவறவிட்ட பாதி இங்கேதான் இருக்கிறது. டெஸர்ட்டர் என்ற கருதல், அதன் பிறகும் வராதவருக்குத்தான். நாற்பதாவது நாள் தானாக வந்து நின்றவர்மேல் 38-ஆம் பிரிவில் வழக்குப் போட்டால், திரும்பும் எண்ணம் அவருக்கு இல்லை என்று காட்ட வேண்டிய சுமை படைக்கு வருகிறது. சொந்தக் காலில் வந்து நிற்பவரிடம் அதைக் காட்டுவது லேசல்ல. அதனால் முப்பத்தொன்றாம் நாள் கதவு மூடுவதில்லை. பிடிபட்டு வருவதற்கும் தானாக வருவதற்கும் உள்ள தூரம்தான் அன்று முதல் கூடிக்கொண்டே போகிறது.

முப்பது நாளுக்குள் குடும்பம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காரணத்தை, ஆதாரத்தோடு, அந்த விசாரணைக்கு முன்பே கோப்புக்குள் போட்டுவிடுவது. மருத்துவமனைச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, லீவு நீட்டிப்பு விண்ணப்பம் எல்லாவற்றையும் கமாண்டிங் ஆபீசருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பையனுக்கே உடம்பு சரியில்லை என்றால் அருகிலுள்ள ராணுவ மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்வது தனியார் டாக்டர் சான்றிதழைவிடப் பலமடங்கு எடுபடும். நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன், சுபேதாரிடம் போனில் சொன்னேன் என்பதெல்லாம் விசாரணையில் காகிதமாக நிற்பதில்லை. நீட்டிப்பு கேட்டுப் பதில் வராவிட்டால் கிடைத்துவிட்டது என்று அர்த்தமும் இல்லை.

காகிதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கு உதாரணம். ஆர்மி சர்வீஸ் கோரில் டிரைவர். 1998-இல் 39 நாள் லீவு, மேலே 30 நாள் நீட்டிப்பு, அதற்கும் மேலே 108 நாள் வரவில்லை. பிறகு தானாகச் சரணடைந்தார். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றார். அதற்குச் சிகிச்சைச் சீட்டு ஒன்றும் காட்டவில்லை. முன்பும் இப்படித் தங்கிய பதிவுகள் இருந்தன. 1983-இல் சேர்ந்தவர். டிஸ்மிஸ் செய்தது சரியே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அவரை டிஸ்மிஸ் செய்தது சம்மரி கோர்ட் மார்ஷல். அதில் நீதிபதி ஒருவர்தான்: அதே யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர். கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குப் பிரமாணமும் இல்லை, ஓட்டும் இல்லை. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேலோ என்றால் ஓராண்டுவரை சிறை தரலாம், டிஸ்மிஸும் செய்யலாம். வக்கீலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வக்கீல் சாட்சியைக் குறுக்கு விசாரிக்கவோ கோர்ட்டைப் பார்த்துப் பேசவோ முடியாது. களத்தில் ஒழுங்கு காக்க விரைவான நீதி தேவை என்பது படையின் விளக்கம். லீவு மறுத்தவரே லீவு மீறலுக்குத் தீர்ப்பும் எழுதலாம் என்பது அந்த விளக்கத்தில் இடம்பெறுவதில்லை.

சில நாள் மீறல்கள் கோர்ட் மார்ஷல்வரை போவதில்லை. கமாண்டிங் ஆபீசர் 80-ஆம் பிரிவின்படி நேரடியாக விசாரித்து 28 நாள்வரை ராணுவக் காவலில் வைப்பார். சர்வீஸ் புத்தகத்தில் சிவப்பு மை விழும்.

இதோடு சேர்ந்து எழும் சில கேள்விகள். மூன்று வருஷம் ஒளிந்திருந்தால் வழக்கு காலாவதி ஆகிவிடுமாமே? மற்ற பல குற்றங்களுக்கு அந்த வரம்பு உண்டு; டெஸர்ஷனுக்கு இல்லை. மூன்றாண்டு என்பது வேறு கணக்கு: சாதாரண இடத்திலிருந்து ஓடி வராமலே இருப்பவரை அத்தனை காலம் கழித்து டிஸ்மிஸ் செய்கிறார்கள். முன்னணிப் பகுதியிலிருந்தோ ஆயுதத்தோடோ ஓடியவருக்கு அது பத்தாண்டு.

போலீஸ் வீட்டுக்கு வருமா? வரும். ஆளைப் பிடித்துத் தரக் கோரும் அப்ரிஹென்ஷன் ரோலை யூனிட் மாவட்டப் போலீசுக்கு அனுப்பும். வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம்.

வீட்டில் வைத்திருந்தால் எங்கள்மேல் வழக்கு வருமா? பாரதிய நியாய சன்ஹிதா 164-ஆம் பிரிவு, டெஸர்ட்டர் என்று தெரிந்தே அடைக்கலம் தருபவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. கணவன் அல்லது மனைவிக்கு மட்டும் விலக்கு. பெற்றவளுக்கு இல்லை. கல்யாணமாகாத இருபத்தொரு வயதுப் பையன் வேறு யார் வீட்டுக்குப் போவான் என்று இதை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சம்பளம்? வராத நாளுக்கெல்லாம் போய்விடும். பன்னிரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் அது தொடும் ஒவ்வொரு நாளையும் முழுநாளாக எண்ணலாம். மாலை ஆறிலிருந்து காலை ஆறு இரண்டு நாள்.

பழைய முறையில் சேர்ந்தவரின் பென்ஷன்? டிஸ்மிஸ் ஆனால் முந்தைய சேவைக்கும் கிடையாது. விதிவிலக்காகத் தருவது மேலிடத்தின் கையில்.

மேல்முறையீடு? சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாய அமர்வு இருக்கிறது. டிஸ்மிஸை எதிர்த்துப் போகலாம். லீவு மறுத்ததை எதிர்த்துப் போக முடியாது. எந்த வகை லீவும் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வராது என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது.