விளையாட்டும் பண்டமும்: இரு சீனக் கணினி விளையாட்டுகள் பற்றிய ஓர் ஒப்பீட்டு நோக்கு

கலை இலக்கிய வடிவங்கள், அவை தோன்றும் சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடு கொண்டுள்ள தொடர்பினை ஆராய்தல் ஈழத்துத் தமிழ் விமர்சனத்துக்குப் புதியதன்று. நாவலின் தோற்றத்தைச் சமுதாய மாற்றத்தோடு இணைத்து நோக்கும் முறைக்குக் கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆயினும், இன்றைய இளந்தலைமுறையினரின் ஓய்வு நேரத்தில் நாவலுக்கும் திரைப்படத்துக்கும் உரிய இடத்தைப் பெரிதும் கைப்பற்றிக்கொண்டுள்ள கணினி விளையாட்டைப் பற்றி நாம் பேசுவது அரிது. பேசுமிடத்தும், 'பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள்' என்ற ஒழுக்கவியற் கண்டனமாகவே அது முடிந்துவிடுகின்றது. அக்கண்டனம் விளையாட்டின் உள்ளமைப்பைத் தொடுவதில்லை. எந்த விளையாட்டு, எவ்வடிவில், எவ்வுறவுகளுக்குள் ஆடுவோரை இட்டுச்செல்கின்றது என்பதே ஆராயத்தக்க வினாவாகும். ஒரே நிறுவனம் வெளியிட்ட, ஒரே விற்பனை முறையைக் கொண்ட, ஆனால் வடிவத்தால் மாறுபட்ட இரு விளையாட்டுகளை அருகருகே வைத்து நோக்கின் இவ்வினாவுக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கும்.

அவ்விரண்டும் 'கென்ஷின் இம்பக்ட்', 'ஹொங்காய்: ஸ்டார் ரெயில்' என்பனவாம். ஷங்ஹாய் நகரிலே, அங்குள்ள ஜியாவ் தொங் பல்கலைக்கழகத்தின் மாணவர் மூவர் 2012 இல் நிறுவிய மிஹோயோ என்னும் நிறுவனம் முன்னதை 2020 செப்ரெம்பர் 28 இலும், பின்னதை 2023 ஏப்ரல் 26 இலும் வெளியிட்டது. இரண்டும் ஆடுவோர் கதைமாந்தரை ஏற்று நடத்தும் வகையைச் சார்ந்தவை. 1974 இல் அமெரிக்காவில் கடதாசி, பென்சில், பகடைக்காய் ஆகியவற்றுடன் தொடங்கிய 'டஞ்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் மூலவடிவம். அது 1981 அளவில் 'விசாட்ரி', 'அல்ரிமா' ஆகியவற்றின் வழியே கணினிக்குள் புகுந்தது. 1986 இல் யப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' அதனை வெகுசனப் பொருளாக்கிற்று.

இம்மூலவடிவம் முறைவைத்து ஆடுவதாகும். தாயத்திலும் சதுரங்கத்திலும் போல, ஒருவர் காய் நகர்த்தும்போது மற்றவர் காத்திருப்பார். ஸ்டார் ரெயில் இம்மரபின் வழித்தோன்றல். நால்வர் கொண்ட அணி எதிரிகளுக்கு முன் நிற்கின்றது. அவரவர் வேகத்தைக் குறிக்கும் எண்ணின்படி யார் முறை அடுத்து வரும் என்பது திரையின் ஓரத்தில் வரிசையாகக் காட்டப்படுகின்றது. சாதாரணத் தாக்குதல் ஒரு புள்ளியை ஈட்டித்தர, சிறப்புத் தாக்குதல் ஒரு புள்ளியைச் செலவிடுகின்றது. அணி முழுவதற்கும் பொதுவான சேமிப்பு அது. காலம் இங்கு துண்டு துண்டானது. சிந்திப்பதற்கு வேண்டிய அவகாசம் ஆடுவோர்க்கு உண்டு.

கென்ஷின் இம்பக்ட் அதிரடி வகையைச் சார்ந்தது. அதன் உலகு திறந்த உலகு. கண்ணுக்குத் தெரியும் மலையை ஏறலாம். அதன் உச்சியிலிருந்து சிறகு விரித்து இறங்கலாம். 2017 இல் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'செல்டா' விளையாட்டினை அடியொற்றியது என்ற குற்றச்சாட்டு தொடக்கத்திலேயே எழுந்தது. அதனை விரிவாக ஆராய்தல் ஈண்டு வேண்டியதில்லை. போரிலே காலம் தொடர்ச்சியானது. எதிரியின் வாள் இறங்கும் கணத்தில் விலக வேண்டும். நீரால் நனைந்தவன்மேல் குளிரைச் செலுத்தின் அவன் உறைவான். தீயைச் செலுத்தின் நீராவிப்புத் தாக்கத்தைப் பன்மடங்காக்கும். ஏழு பூதங்களின் இத்தகைய சேர்க்கைகளை, நால்வருள் ஒருவரை மாற்றி ஒருவராகக் களத்திலிறக்கி நிகழ்த்தல் வேண்டும். கையும் கண்ணும் இங்குப் பயிற்சி பெறுகின்றன.

எனவே மேலோட்டமாக நோக்குவார் முன்னதைக் கைத்திறனின் விளையாட்டு என்றும் பின்னதைச் சிந்தனையின் விளையாட்டு என்றும் வகுத்துவிடக்கூடும். நடைமுறையோ வேறு. ஸ்டார் ரெயிலிலே ஒரு பொத்தானை அழுத்தினால் போர் தானே நடந்தேறும். இன்னொரு பொத்தான் அதனை இருமடங்கு விரைவாக்கும். ஆடுவோர் கைகட்டி நின்று, தமது விளையாட்டைத் தமக்காக இயந்திரம் ஆடுவதைப் பார்த்திருக்கலாம். சிந்திப்பதற்கெனத் தரப்பட்ட அவகாசமே சிந்தனையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதற்கான வாய்ப்பாக மாறிவிடுகின்றது. யேர்மனிய மார்க்ஸியர் வோல்ற்றர் பென்ஜமின், 1939 இல் போதலேயரைப் பற்றி எழுதிய கட்டுரையொன்றில், ஆலைத் தொழிலாளியின் அசைவையும் சூதாடியின் அசைவையும் ஒப்பிட்டார். ஒவ்வோர் அசைவும் முன்னையதோடு தொடர்பற்றது, ஒவ்வொன்றும் தொடக்கத்திலிருந்தே தொடங்குகின்றது என்பது அவர் கருத்து. அவர் கண்ட தொழிலாளிக்கு இயந்திரத்தை இயக்கவேனும் வேண்டியிருந்தது. இங்கு மேற்பார்வை மட்டுமே எஞ்சியுள்ளது. ஓய்வு நேரத்திலும் மனிதன் இயந்திரத்தின் மேற்பார்வையாளனாகவே இருக்கின்றான்!

இனி, இரண்டுக்கும் பொதுவான விற்பனை முறையைக் கவனிப்போம். அதற்குக் 'கச்சா' என்று பெயர். நம்மவர் கச்சாப் பொருள் என்று வழங்கும் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. யப்பானியக் கடைத்தெருக்களில் நாணயமிட்டுப் பிடியைத் திருகினால் உருண்டைக் கூடொன்றினுள் ஏதோவொரு பொம்மை விழும் பொறியின் பெயரிலிருந்து வந்தது இது. என்ன பொம்மை என்பது விழுந்த பின்னரே தெரியும். இவ்விரு விளையாட்டுகளையும் ஆடுவதற்குக் கட்டணமில்லை. விரும்பிய கதைமாந்தரைப் பெறுவதற்கோ குலுக்கல் வேண்டும். கென்ஷினில் ஒவ்வொரு குலுக்கலும் 'வேண்டுதல்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைக்கப்படுகின்றது. கோயிலுக்கு நேர்த்தி வைப்பவரைப் போல ஆடுவோரும் வேண்டிக்கொள்கின்றனர்.

நிறுவனமே வெளியிட்ட எண்களைக் கொண்டு இதன் இயக்கத்தை விளக்கலாம். உயர்தரப் பாத்திரமொன்று கிடைப்பதற்கான வாய்ப்பு ஒரு குலுக்கலுக்கு 0.6 சதவீதம். 89 குலுக்கல்கள் தவறின் 90 ஆவது உறுதி. இவ்வுத்தரவாதத்தையும் சேர்த்துக் கணித்த மொத்த வாய்ப்பு 1.6 சதவீதம். இந்த மூன்று எண்களையும் அடுத்தடுத்து வைத்துக் கணக்கிடின் ஓர் உண்மை வெளிப்படும். 89 ஆவது குலுக்கல்வரை வாய்ப்பு மாறாமல் 0.6 ஆகவே இருக்குமாயின், ஒரு பாத்திரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 70 குலுக்கல்கள் தேவைப்படும்; மொத்த வாய்ப்பு 1.43 சதவீதமாகவே அமையும். 1.6 சதவீதம் என்பதோ சராசரி 62.5 குலுக்கல்களைக் குறிக்கும். ஆகவே 90 ஐ எட்டுமுன் எங்கோ ஓரிடத்தில் வாய்ப்பு உயர்த்தப்படுகின்றது என்பது பெறப்படும். ஆடுவோர் தமது பல்லாயிரம் குலுக்கல்களைத் தொகுத்து அவ்விடம் ஏறத்தாழ 74 என்று கண்டறிந்துள்ளனர். ஆடுவோரே ஆய்வாளராகிப் பொறியின் உள்ளமைப்பைக் கூட்டாகக் கண்டுபிடித்த இச்செயல் பாராட்டுக்குரியது. அதேவேளை அவ்வறிவு பயன்படுவது, இன்னும் எத்தனை குலுக்கல்கள் எஞ்சியுள்ளன என்று எண்ணிக் காத்திருப்பதற்கே. இவ்வுத்தரவாதத்துக்கு ஆடுவோர் இட்ட பெயர், இரக்கம் எனப் பொருள்படும் 'பிற்றி' என்பதாம்.

அவ்வாறு கிடைப்பது விளம்பரப்படுத்தப்பட்ட பாத்திரமாகவே இருக்குமென்பதும் உறுதியன்று. தொடக்கத்திலிருந்த விதிப்படி அதற்குப் பாதி வாய்ப்பே உண்டு; தவறினால் அடுத்த முறை உறுதி. (கென்ஷினில் 2024 இல் இவ்விதி சற்றே தளர்த்தப்பட்டது.) ஆகவே மிக மோசமான நிலையில் 180 குலுக்கல்கள் வேண்டும். குலுக்கல் ஒன்றுக்கு 160 மணிகளாக 28,800 மணிகள். கென்ஷினின் மிகப் பெரிய விற்பனைப் பொதி 99.99 அமெரிக்க டொலருக்கு 8,080 பளிங்குகளைத் தருகின்றது. முதற் கொள்வனவுச் சலுகையையும் ஆடி ஈட்டும் மணிகளையும் விலக்கிக் கணக்கிடின், ஒரு கற்பனை மாந்தரின் உச்ச விலை ஏறத்தாழ 356 டொலர். இத்தொகை விளையாட்டினுள் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. டொலர் பளிங்காகின்றது, பளிங்கு மணியாகின்றது, மணி குலுக்கற் சீட்டாகின்றது, சீட்டு மாந்தராகின்றது. பண்டத்தின் மாயத்தை மார்க்ஸ் விளக்குகையில், மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிக்கின்றது என்றார். இங்கு அத்தோற்றத்துக்கு மேலும் மூன்று திரைகள் இடப்பட்டுள்ளன. லொத்தர்ச் சீட்டு வாங்குபவருக்கு, தாம் கொடுத்த காசு எவ்வளவு என்பதேனும் தெரியும்.

பொதுவான இவ்வியந்திரம் இரு வடிவங்களிலும் ஒரே விளைவைத் தருகின்றதா? இல்லை என்பதே என் கருத்து. பிரெஞ்சு அறிஞர் ரொஜர் காய்வா 1958 இல் விளையாட்டுகளை வகைப்படுத்துகையில், போட்டியையும் வாய்ப்பையும் எதிரெதிர் முனைகளில் வைத்தார். போட்டியில் மனிதன் தன்னையே நம்புகின்றான். வாய்ப்பில் தன்னைத் தவிர மற்றெல்லாவற்றையும் நம்புகின்றான். கென்ஷினில் வாய்ப்பால் பெற்றதைக் கைத்திறனால் ஓரளவு ஈடுசெய்ய இயலும். குறைந்த தரப் பாத்திரங்களைக் கொண்டே, அடிகளை உரிய கணத்தில் விலக்கி, கடினமான எதிரியை வெல்வோர் உளர். ஸ்டார் ரெயிலில் விலகுதல் என்பதே இல்லை. எதிரியின் அடி விழுந்தே தீரும். தாங்குவதும் தாங்காததும் எண்களின் கையில். அணியமைப்பில் நுண்ணறிவுக்கு இடமுண்டாயினும், எண்களை உயர்த்துவதற்கான நேர்வழி குலுக்கலே.

இதன் விளைவு பழைய பாத்திரங்களின் மதிப்பிழப்பில் தெளிவாகின்றது. இயந்திரம் தேய்வதால் மட்டுமன்றி, அதனிலும் சிறந்த இயந்திரம் சந்தைக்கு வருவதாலும் மதிப்பிழக்கின்றது என மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகின்றது; புதிய பாத்திரங்கள் வருகின்றன; எதிரிகளின் உயிரளவும் ஏறுகின்றது. எண்களாலேயே இயங்கும் வடிவில் இத்தேய்மானம் விரைவானது. ஆடுவோரின் முறைப்பாடுகள் பெருகவே, 2025 இல் காஃப்கா, சில்வர் வூல்ஃப் முதலிய பழைய பாத்திரங்கள் சிலரின் ஆற்றலை நிறுவனமே திருத்தியமைத்தது.

இதிலிருந்து முறைவைத்து ஆடும் வடிவமே தாழ்ந்தது என்ற முடிவுக்கு வருதல் பெருந்தவறாகும். சதுரங்கமும் அவ்வடிவினதே. வடிவம் தரும் அவகாசத்தை விற்பனை உறவு எதற்குப் பயன்படுத்துகின்றது என்பதே இங்கு வினா. திறந்த உலகின் சுதந்திரமும் அவ்வாறே எல்லைக்குட்பட்டது. எந்த மலையையும் ஏறலாம். ஆனால் பாத்திரத்தை வளர்ப்பதற்கான பொருள்களை வேண்டிய அளவு ஈட்ட இயலாது. அதற்குப் 'பிசின்' வேண்டும். எட்டு நிமிடத்துக்கு ஒன்றாக அது ஊறுகின்றது. கென்ஷின் வெளிவந்தபோது அதன் கொள்ளளவு 120. அதாவது 16 மணித்தியாலத்தில் நிரம்பி வழியும். அவ்வாண்டிலேயே 160 ஆகவும், 2024 இல் 200 ஆகவும் உயர்த்தப்பட்டது. ஸ்டார் ரெயிலில் இதனையொத்த ஆற்றல் ஆறு நிமிடத்துக்கு ஒன்று. 180 ஆயிருந்த கொள்ளளவு 2023 இலேயே 240 ஆயிற்று. பெருக்கிப் பார்ப்பின் 1,440 நிமிடங்கள். சரியாக ஒரு நாள். ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன், ஆலை மணி எவ்வாறு உழைப்பாளரின் காலவுணர்வை மாற்றியமைத்தது என்பதை 1967 இல் எழுதினார். ஊறியது வீணாகக்கூடாதே என்று வேலையிடைவேளையில் கைத்தொலைபேசியைத் திறப்பவரின் காலவுணர்வும் ஆராயப்படவேண்டியதே.

கதைப்பொருளை நோக்குமிடத்து ஒரு முரண்பாடு புலனாகின்றது. கென்ஷினின் லியூவே நாடு சீனத்தை ஒத்த வணிகத் துறைமுகம். அதன் தெய்வம் ஒப்பந்தங்களின் தெய்வம். நாணயத்தைப் படைத்ததும் அத்தெய்வமே. மக்கள் தானின்றி வாழ்வரா எனச் சோதிக்க அது தன் மரணத்தைத் தானே நாடகமாக்கி விலகுகின்றது. ஆட்சி வணிகப் பெருமக்கள் எழுவரிடம் எஞ்சுகின்றது. பின்னர் மனித உருவில் உலாவும் அத்தெய்வம் கையிற் காசு கொண்டுசெல்ல மறந்துவிடுவது நல்ல நகைச்சுவை. தெய்வீக ஆட்சியிலிருந்து வணிகர் ஆட்சிக்கு மாறுதலை இத்துணை நயமாகக் காட்டிய வெகுசனப் படைப்புகள் பல இல்லை.

ஸ்டார் ரெயில் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. அதன் பெலோபொக் நகரத்தில் மேலுலகு ஒளியில் வாழ, கீழுலகில் அடைக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர் எரிபொருட் கனிமத்தை அகழ்கின்றனர். அண்டமளாவிய கூட்டுத்தாபனமொன்று எழுநூறு ஆண்டு பழைய கடனைக் கேட்டு அந்நகருக்கு முகவரை அனுப்புகின்றது. கடனுக்கு ஈடாக நாட்டின் உழைப்பையே கோரும் நிதி மூலதனத்தின் முகம் அதிலே தெளிவாகத் தெரிகின்றது. ஆனால் அக்கடனைக் கேட்டுவரும் டோபாஸ் என்னும் முகவரே அடுத்த குலுக்கலில் விற்பனைக்கு வைக்கப்பட்டார்! உள்ளடக்கம் கூட்டுத்தாபனத்தை விமர்சிக்கின்றது. வடிவம் கூட்டுத்தாபனத்துக்காக உழைக்கின்றது. இம்முரண்பாட்டைப் படைப்பாளரின் போலித்தனம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. எழுத்தாளரும் ஓவியரும் இசையமைப்பாளரும் தாம் வாழும் உலகின் உண்மையை எழுதவே முனைந்துள்ளனர் என்றும், விற்பனை முறையைத் தீர்மானிப்பது அவர்கள் கையில் இல்லை என்றும் கொள்வதே பொருத்தமாகும்.

அரசுகள் இவ்விற்பனை முறையை முற்றாகக் கவனியாதிருக்கவில்லை. யப்பான் 2012 இல் கச்சாவின் மிகக் கொடிய வகையொன்றைத் தடுத்தது. குலுக்கல் வாய்ப்புகளை வெளியிடவேண்டுமென்ற சீன விதி 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மேலே நாம் கணக்கிட்ட எண்கள் வெளிச்சத்துக்கு வந்தமை இத்தகைய விதிகளாலேயே. பெல்ஜியம் 2018 இல் பணம் கொடுத்துப் பெறும் இத்தகைய குலுக்கல்களைச் சூதாட்டமென வகுத்தது. 2021 இல் சீனா, சிறுவர் இணைய விளையாட்டுகளில் ஈடுபடும் நேரத்தை வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஒவ்வொரு மணித்தியாலமாகச் சுருக்கியது. 2025 சனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு, கென்ஷினை அந்நாட்டில் வெளியிடும் நிறுவனத்தோடு இணக்கத்துக்கு வந்தது. அதன்படி 2 கோடி டொலர் தண்டம். 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றிக் குலுக்கல் விற்கலாகாது. பளிங்கு, மணி என்ற சுற்றுவழியின்றி நேராக டொலரிலேயே குலுக்கலை வாங்கும் வழியும் வைத்தல் வேண்டும். திரைகளை விலக்கச் சட்டம் முயன்றுள்ளது. 17 வயதுக்காரருக்கும் வேலை முடிந்து பேருந்தில் வீடு திரும்பும் தொழிலாளிக்கும் வாய்ப்பு 0.6 சதவீதமாகவே இருக்கின்றது.