ரூபெல்லா ஊசியும் கர்ப்பமும்: ஒரு பூஜ்யத்தை எப்படிப் படிப்பது?

எம்எம்ஆர் ஊசி போட்டாச்சு. அடுத்த வாரமே டெஸ்ட்டில் இரண்டு கோடு. "இப்போ கருவைக் கலைக்கணுமா?" என்று பதறுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. சுருக்கமான பதில்: ஊசியை மட்டும் காரணமா வெச்சுக் கலைக்கத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான். ஏன்னு பார்ப்போம்.

ரூபெல்லா நமக்கு வந்தா லேசான காய்ச்சல், உடம்பில் தடிப்பு, அவ்வளவுதான். ஆனா கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால், குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம். 1941-ல் இந்தத் தொடர்பைக் கவனித்தவர் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக். தடுப்பூசியில் இருப்பதும் அதே வைரஸ்தான். வலுவிழந்தது, ஆனா உயிருள்ளது. அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு அதைப் போடுவதில்லை. போட்டபின் 28 நாள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்.

தெரியாமல் போட்டுக்கொண்டவர்களுக்கு என்ன ஆச்சு? அமெரிக்காவின் சிடிசி 1971 முதல் 1989 வரை கணக்கெடுத்தது. இன்றும் பயன்படும் வைரஸ் வகையை, கருத்தரிப்புக்கு மூன்று மாதம் முன்னோ பின்னோ போட்டுக்கொண்ட, எதிர்ப்பு சக்தி இல்லாத பெண்கள் 226 பேர். ரூபெல்லா பாதிப்புடன் பிறந்த குழந்தைகள்: பூஜ்யம்.

226 டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனா பக்கே இல்லைன்னு நாங்க சொல்ல மாட்டோம். புள்ளியியலும் அப்படித்தான். 226-ல் பூஜ்யம் என்றால், உண்மையான ஆபத்து 1.6% வரைகூட இருக்கலாம். இது கண்டுபிடித்த ஆபத்து இல்லை. மறுக்க முடியாத எல்லை மட்டுமே. பிறகு பிரேசில் உட்பட ஆறு லத்தீன் அமெரிக்க நாடுகளில் பெரியவர்களுக்கும் ஊசி போட்டபோது, இதே நிலையில் இருந்த தாய்களுக்குப் பிறந்த 1,800-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்தார்கள். சிலருக்கு ஊசி வைரஸ் தொற்றியிருந்தது, பாதிப்பு யாருக்கும் இல்லை. எல்லை 0.2% ஆகச் சுருங்கியது. அதே ஆரம்ப வாரங்களில் நிஜமான ரூபெல்லா வந்தால் ஆபத்து 90% வரை.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் நடந்த தட்டம்மை–ரூபெல்லா முகாம் 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கு. அப்போது அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்களில் பலர் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் ரூபெல்லா ஐஜிஜி ரத்தப் பரிசோதனை பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். எதிர்ப்பு சக்தி இல்லைன்னா ஊசி போட்டு 28 நாள் பொறுங்கள். ஏற்கெனவே கர்ப்பம்னா பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கலாம். தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.