தரம் – எல்லைக்கோட்டை வரைவது யார்?

தரம் என்பது சரக்கின் குணம் என்றே பேசிப் பழகிவிட்டோம். எங்கே நின்று அளக்கிறோம் என்பதுதான் தரத்தை உண்டாக்குகிறது என்பேன் நான்.

திருப்பூர் பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையைப் பாருங்கள். தையல் விட்டிருக்கா, கறை இருக்கா, சாயம் போகுதா – இவ்வளவுதான் கேள்வி. கடைசியில் பொறுக்கித் தள்ளுவதைவிடத் தவறு பிறக்கும் இடத்திலேயே திருத்து என்பது வால்டர் ஷூஹார்ட் 1924இல் வரைந்த கட்டுப்பாட்டுப் படத்திலிருந்து வரும் பாடம். நல்ல பாடம்தான். ஆனால் அந்தப் படம் நூலில் தொடங்கி அட்டைப்பெட்டியில் முடிந்துபோகிறது.

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேணும். துணியில் தங்காத அந்த உப்பு தண்ணீரோடு நொய்யலுக்குப் போயிற்று. சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை நீக்கும், கரைந்த உப்பை நீக்காது. பாசனத்துக்கென 1992இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது.

கோட்டைத் தள்ளி வரைந்தவர்கள் மேலாளர்கள் அல்ல. வழக்குப் போட்ட நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது என 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 2011 ஜனவரி 28இல் சாயப்பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. அதன்பிறகே தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்புவது பரவியது. கழிவு என்றது கச்சாப்பொருளாயிற்று.

அந்த மூடலில் வேலை இழந்த பட்டறைத் தொழிலாளி எந்தப் படத்திலும் இல்லை. அடுத்த கோடு அவரிடமிருந்து தொடங்கணும்.