உடுக்குறிகளால் பல்கோணம் வரையும் முறை

கவராயமும் அளவுகோலும் கையில் இருப்பின் ஐங்கோணம் வரைவது பள்ளி மாணவனுக்கும் எளிதே. எழுத்துகளை அச்சிடுவதன்றி வேறொன்றும் அறியாத பொறியிடம் அதே ஐங்கோணத்தைக் கேட்டால் அஃது என்ன செய்யும்? அதற்குக் கோடு என்பது தெரியாது, வளைவும் தெரியாது. ஒரு வரியில் இத்தனை இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் ஓர் எழுத்து அல்லது ஒரு வெற்றிடம். அதன் உலகம் அவ்வளவே. 1959-இல் வெளிவந்த ஐ.பி.எம். 1403 என்னும் வரி அச்சுப்பொறி இத்தகையது. ஒரு வரியில் 132 எழுத்துகள்வரை அச்சிட வல்ல அப்பொறியிலும், உடுக்குறிகளை அடுக்கிப் படம் வரைந்தோர் இருந்தனர். இன்றைய கணிப்பொறித் திரையிலும் நிரல் எழுதப் பழகுவோர் இப்பயிற்சியை மேற்கொள்கின்றனர். விளையாட்டுப்போல் தோன்றினும், கணிப்பொறி எவ்வாறு கோடு வரைகிறது என்பதை இதனைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

முதலில் அறிய வேண்டியது கட்டத்தின் வடிவம். மேற்கூறிய அச்சுப்பொறியில் கிடையாக ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்துகள்; நெடுக்காக ஓர் அங்குலத்துக்குப் பெரும்பாலும் 6 வரிகள். எனவே 10 வரிகளில் வரிக்குப் பத்து உடுக்குறிகளாக நிரப்பினால் சதுரம் கிடைக்காது. உயர்ந்து ஒடுங்கிய நீள்சதுரமே கிடைக்கும். பலர் இடறுவது இங்கேதான். கணக்கில் பிழையே இராது. படம் மட்டும் நீண்டு நிற்கும். ஆதலின் குறுக்களவு ஒவ்வொன்றையும் ஐந்தின் கீழ் மூன்றால், அதாவது 5/3-ஆல், பெருக்கிக்கொள்ளல் வேண்டும். இன்றைய திரைகளில் எழுத்துக் கட்டத்தின் உயரம் பெரும்பாலும் அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அங்குப் பெருக்கும் எண் 2 ஆகும்.

ஓர் அங்குல ஆரமுடைய அறுகோணத்தை எடுத்துக்கொள்வோம். ஆரம் நெடுக்கில் 6 வரி, குறுக்கில் 10 இடம். மையத்திலிருந்து 60 பாகைக்கு ஒரு முனையாகக் கோசைன், சைன் மதிப்புகளைக் கொண்டு கணக்கிட்டால், வலக்கோடியில் ஒரு முனை 10 இடம் தள்ளி அமையும். அதற்கு மேலுள்ள முனை 5 இடம் தள்ளி, 5.196 வரி உயரத்தில் அமையும். கால் வரி, அரை வரி என்பது அச்சுப்பொறிக்கு இல்லையாதலால் அது 5 வரி ஆகிறது. இப்போது சாய்ந்த பக்கத்தை நோக்குக: 5 இடம் நகர 5 வரி ஏற்றம்; வரிக்கு ஓர் இடம். முதல் வரியில் 5 வெற்றிடம், 11 உடுக்குறி. அடுத்த வரியில் 4 வெற்றிடம், ஓர் உடுக்குறி, 11 வெற்றிடம், மீண்டும் ஓர் உடுக்குறி. இவ்வாறே விரிந்து நடு வரியில் 19 வெற்றிடத்தின் இருபுறமும் ஒவ்வோர் உடுக்குறி நிற்கும். இக்கட்டங்களின் மூலைவிட்டச் சாய்வு ஏறத்தாழ 59 பாகை. அறுகோணத்துக்கு வேண்டியதோ 60. அதனால்தான் அறுகோணம் இவ்வளவு இணக்கமாக அமைகிறது.

ஐங்கோணம் அவ்வளவு எளிதில் வசப்படாது. அதே ஆரத்தில் உச்சி முனை மையத்துக்கு 6 வரி மேலே. வலப்பக்க முனை 10 இடம் தள்ளி 2 வரி மேலே. இடையே 10 இடம் நகர்வதற்குள் 4 வரி இறங்க வேண்டும். எந்த இடத்தில் இறங்குவது?

இடந்தோறும் பின்னத்தைக் கணித்து அண்மையிலுள்ள முழு எண்ணைக் கொள்ளலாம். ஆனால் அக்காலப் பொறிகளுக்கு அது பெருஞ்சுமை, ஐ.பி.எம். 1401 கணிப்பொறியில் பெருக்கல், வகுத்தலுக்குரிய உறுப்பே தனியாகக் கேட்டுப் பெற வேண்டியதாய் இருந்தது. அந்நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம், 1401-உடன் இணைந்த வரைபொறி ஒன்றுக்காக 1962-இல் ஒரு வழி கண்டார்; 1965-இல் அது கட்டுரையாக வெளியாயிற்று. முழு எண்களைக் கூட்டுவதும் கழிப்பதுமே அதற்குப் போதும்.

அவ்வழி வருமாறு. இறக்கம் 4, அதன் இரு மடங்கு 8. அதிலிருந்து நகர்வாகிய 10-ஐக் கழித்தால் –2. இதனைக் கணக்கின் தொடக்கமாக வைத்துக்கொள்க. கணக்கு எதிர்மறையாயின் அதே வரியில் ஓர் இடம் நகர்ந்து 8-ஐக் கூட்டுக; அன்றாயின் ஒரு வரி இறங்கி நகர்ந்து 12-ஐக் கழிக்க. (8-ஐக் கூட்டி, 10-இன் இரு மடங்கைக் கழிப்பதே இந்த 12.) கணக்கு –2, 6, –6, 2, –10, –2 என்று ஓடும். உச்சி வரியில் 2 உடுக்குறி, அடுத்து 2, பின் 3, பின் 2, இறுதியில் 2 என்று விழும். பின்னத்தைக் கணித்து வரைந்தாலும் இதே இடங்கள்தாம் கிடைக்கும். தாளில் எழுதிப் பார்ப்போர் இதனைத் தாமே சரிபார்க்கலாம்.

அடுத்த பக்கம் 4 இடம் உள்வாங்கி 7 வரி இறங்குகிறது. இங்கு இடத்துக்கு ஒரு குறியாக வைத்தால் எட்டு வரிகளுக்கு ஐந்து குறிகளே கிடைத்துக் கோடு அறுபட்டுப்போகும். ஆகவே நகர்வைவிட இறக்கம் மிகுந்த பக்கத்தில் வரிக்கு ஒரு குறியாகச் செல்லல் வேண்டும். இவ்வாறு முடிந்த ஐங்கோணத்தின் பக்கங்களை அங்குலத்தில் அளந்தால் அடிப்பக்கம் 1.20, மேற்பக்கங்கள் 1.20, நடுப்பக்கங்கள் 1.23. இவ்வளவு பருமனான கட்டங்களில் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமன்று.

மற்றொன்று: அச்சுப்பொறி மேலிருந்து கீழாகவே செல்லும், பக்கம் பக்கமாக வரைய அதனால் இயலாது. எனவே நிரலானது 12 வரி, வரிக்கு 21 இடம் என 252 கட்டங்களை நினைவகத்தில் வெற்றிடத்தால் நிரப்பி, ஐந்து பக்கங்களையும் அதில் குறித்தபின், வரி வரியாக அச்சுக்கு அனுப்புகிறது. முழு நிரலும் தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

உடுக்குறிக்கு மாற்றாகத் தமிழெழுத்தை இட்டு வரைய விரும்புவோர் சிலர் இருத்தல் கூடும். விருப்பம் நன்றே, ஆயின் தமிழெழுத்துகள் யாவும் ஒரே அகலத்தன அல்ல. ‘ர’ ஒடுங்கியது, ‘ணை’ அகன்றது. ‘கி’ என்பது கண்ணுக்கு ஓரெழுத்தாயினும் ஒருங்குறியில் இரண்டு குறிகளாகப் பதிவாகிறது. குறிகளை எண்ணி இடம் ஒதுக்கும் நிரல் அங்கே தவறிப்போகும். வரிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் விலகிப் படம் சிதையும். ‘ட’, ‘ப’ போன்ற தனி அகர எழுத்துகளுள் ஒன்றையே எங்கும் இட்டு, வெற்றிடத்தின் அகலமும் அதனோடு ஒத்திருக்கும் எழுத்துருவைத் தேர்ந்துகொண்டால் ஐங்கோணம் கோணாமல் நிற்கும்.