ஒரே இனம், இரு வேறு துலங்கல்

மாணவர்களே, தூண்டலுக்கு ஏற்பத் துலங்கல் நிகழும் எனப் படித்துள்ளீர்கள். ஒரே இனத்தின் இரு குடித்தொகைகள் ஒரே தூண்டலுக்கு வேறுபட்ட அளவில் துலங்குமா? ஆம்.

ஆபத்தின்போது பறவையின் அதிரீனல் சுரப்பி கோட்டிக்கோஸ்தரோன் எனும் ஓமோனைக் குருதியினுள் சுரக்கும். சேமிப்பிலுள்ள சக்தி விடுவிக்கப்பட, பறவை உயிர்தப்பும். எனினும் இவ்வோமோன் நீண்டகாலம் உயர்ந்திருப்பின் இனப்பெருக்கமும் நோயெதிர்ப்பும் பாதிப்புறும்.

உதாரணம்: ஐரோப்பியக் கரும்பறவை. முன்னர் காட்டில் மட்டும் வாழ்ந்த இது பின்னர் நகரங்களிலும் குடியேறியது. ஜேர்மனியில் மியூனிச் நகரிலிருந்தும் காட்டிலிருந்தும் குஞ்சுகளை எடுத்து, ஒரே சூழலில் கையால் வளர்த்தனர். 2006 இல் வெளியான முடிவு இதுதான்: பிடித்துக் கையாண்டபோது, முதற் குளிர்காலம் தொடக்கம் நகரப் பறவைகளில் ஓமோன் உயர்வு குறைவாகவே இருந்தது.

காரணம் என்னவாக இருக்கலாம்? நகரில் மனிதரும் வாகனங்களும் ஓயாத தூண்டல்கள். ஒவ்வொன்றுக்கும் பெரிதாகத் துலங்கும் பறவை நட்டமடையலாம். அளவாகத் துலங்குபவை அங்கு கூடுதலாகப் பெருகலாம். அவ்வாறாயின், இது இயற்கைத் தேர்வாக இருக்கலாம்.

“நகரப் பறவை சத்தத்துக்குப் பழகிவிட்டது” என மட்டும் விடை எழுதாதீர்கள். வளர்ந்த சூழல் ஒன்றாயிருந்தும் வேறுபாடு தோன்றியதால், பழக்கம் மட்டும் காரணமன்று, பரம்பரையும் காரணமாகலாம். “நிச்சயம் பரம்பரையே” எனவும் எழுதாதீர்கள். முட்டையிலும் கூட்டிலும் கழிந்த ஆரம்ப நாட்கள் சமமாக இருக்கவில்லை.

சிந்திக்க: இக்குறையை நீக்கப் பரிசோதனையை எவ்வாறு மாற்றுவீர்கள்? (குறிப்பு: அடுத்த தலைமுறை.)