இன்ஹேலர்... மெதுவாகவா? வேகமாகவா?

"ரெண்டு மாசமா விடாம மருந்து இழுக்கறான் டாக்டர். ஆனா ராத்திரியானா இளைப்பு வந்துடுது. டோஸைக் கூட்டிக் கொடுங்களேன்..."

பத்து வயசுப் பையனோடு வந்த அம்மாவின் புகார் இது. "எங்கே, என் முன்னாடி ஒரு தடவை இழுத்துக் காட்டு கண்ணா" என்றால், பையன் பஃப் இன்ஹேலரை அழுத்தி, உறிஞ்சுகுழலில் கடைசிச் சொட்டு ஜூஸை இழுப்பது போல 'சர்'ரென்று ஒரே இழுப்பு! "யார் சொல்லிக் கொடுத்தது?" "பாட்டி!"

பாட்டிக்கும் ஆஸ்துமா. ஆனால் அவர் உபயோகிப்பது ரோட்டாஹேலர். அவர் இழுக்கும் விதம் அவருக்குச் சரி, பேரனுக்குத் தப்பு. மருந்தில் கோளாறே இல்லை.

ஏன் இந்த வித்தியாசம்?

பஃப் இன்ஹேலர் 1956-ல் அமெரிக்காவில் அறிமுகமானது. மேலே அழுத்தினால் உள்ளே அடைத்திருக்கும் வாயுவே மருந்தைப் பீய்ச்சிவிடும். அதை நுரையீரல் வரை நிதானமாக அழைத்துப் போவது மட்டும்தான் நம் மூச்சின் வேலை. வேகமாக இழுத்தால்? வளைவில் வேகமாக வந்த பஸ் திரும்ப முடியாமல் சுவரில் மோதுமே, அதுபோல மருந்து தொண்டையின் பின்புறம் மோதி அங்கேயே தங்கிவிடும்.

ரோட்டாஹேலரில் இருப்பது பவுடர். அதைத் தள்ளிவிட வாயு கிடையாது. நம் மூச்சுதான் அங்கே மோட்டார்! வேகமாக இழுத்தால்தான் பவுடர் நுண்ணிய தூளாகச் சிதறி உள்ளே போகும். மெதுவாக இழுத்தால் பாதி கருவியிலேயே தங்கிவிடும்.

பஃப் இன்ஹேலர்: நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்விக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒருமுறை அழுத்தி, 4, 5 விநாடிகள் மெதுவாக, ஆழமாக இழுங்கள். பிறகு 10 விநாடி மூச்சை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிஷமாவது இடைவெளி விடுங்கள்.

ரோட்டாஹேலர்: கேப்ஸ்யூல் விழுங்குவதற்கல்ல! கருவியில் போட்டுத் திருகுங்கள். மூச்சை வெளியே விடும்போது கருவிக்குள் ஊதிவிடாதீர்கள். ஈரம் பட்டால் பவுடர் கட்டிதட்டிவிடும். பிறகு வேகமாக, ஆழமாக இழுத்து, 10 விநாடி அடக்குங்கள். பவுடர் மிச்சமிருந்தால் இன்னொரு முறை இழுங்கள்.

'அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வரமாட்டேங்குதே' என்கிறீர்களா? அதற்குத்தான் ஸ்பேசர். பஃப் இன்ஹேலரை இந்தக் குப்பியின் ஒரு முனையில் செருகி அழுத்திவிட்டு, மறுமுனையில் நிதானமாக இழுக்கலாம். மருந்து தொண்டையில் படிவதும் குறையும். குழந்தைகள், முதியவர்கள் எல்லோருக்கும் நல்லது. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு மாஸ்க் வைத்த ஸ்பேசர் வேண்டும். இளைப்பு கடுமையாக இருக்கும்போது பவுடரை வேகமாக இழுக்கத் தெம்பு இருக்காது. அப்படிப்பட்டவர்கள் அவசரத்துக்கு எதை வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் உண்டாகி, மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால், இழுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் வாயில் வெள்ளைப் படலமாகக் காளான் தொற்று வரலாம்.

ஒரு எச்சரிக்கை: ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேசமுடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, அவசரத்துக்கு எடுக்கும் இன்ஹேலருக்கும் இளைப்பு அடங்காவிட்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மருந்துச் சீட்டோடு இன்ஹேலரையும் எடுத்துப் போங்கள். அவர் எதிரிலேயே இழுத்துக் காட்டுங்கள். டோஸைக் கூட்டும் முன், இழுப்பது சரியா என்று பார்த்துவிடலாமே!