சேர்க்கை கிடைத்தது, பாடம் கிடைத்ததா?

ஜூன் பிறந்துவிட்டால் குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துக் காலனிகளில் ஒரே பேச்சுதான்: "இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்தாச்சா?" தனியார் பள்ளி வேனுக்குப் பணம் கட்ட முடியாத பெற்றோர் அரசுப் பள்ளியின் ஆங்கிலவழிப் பிரிவைத் தேடிப் போகிறார்கள். 2012-13 கல்வியாண்டில் சில பள்ளிகளில் தொடங்கி, அடுத்த ஆண்டு முதல் பரவலாக்கப்பட்ட பிரிவு அது. புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்து ஏ, பி, சி, டி சொல்கிறது. கூலி வேலையிலிருந்து திரும்பிய தாய்க்கு அன்றைய அலுப்பு தீர்ந்துவிடுகிறது.

இந்த ஆசையைக் கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தாய்மொழிப் பற்று இல்லை என்று நமக்குப் பாடம் நடத்துகிறவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று விசாரித்தால் போதும், பேச்சு நின்றுவிடும். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்கவும் டீக்கடையில் பொதுக் குவளையில் குடிக்கவும் போராட வேண்டியிருந்த மக்களுக்கு, சாதி கேட்காத ஒரு மொழி கவர்ச்சியாகத் தெரிவதில் வியப்பில்லை. சாவித்திரிபாய் புலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலம் கற்கச் சொல்லிக் கவிதை எழுதினார். 2010-இல் உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்துத் தலித்துகள் ஆங்கிலத்துக்கே ஒரு கோயில் கட்ட அடிக்கல் நாட்டினார்கள். சென்னை அடையாற்றில் 1894-இல் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் மக்கள் பள்ளிக்கூடத்தை நம்பித்தான் வந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பள்ளி காப்பாற்றுகிறதா என்பதே இன்று நாம் கேட்க வேண்டியது.

எழுத்து தெரிகிறது, பொருள் தெரியவில்லை

மாலை வகுப்புகளில் நாங்கள் பார்ப்பதைச் சொல்கிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளை 'போட்டோசிந்தசிஸ்' என்ற சொல்லுக்குத் தவறில்லாமல் ஸ்பெல்லிங் சொல்லும். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று அதே ஆங்கிலத்தில் கேட்டால் விழிக்கும். வயல் வரப்பில் உட்காரவைத்து, வெயிலையும் தண்ணீரையும் காட்டித் தமிழில் கேட்டால் பாதி விடையைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். சோளத்தட்டையும் பருத்திச்செடியும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அறிவுக்கு என்ன குறை? வழியில் மொழிதான் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பல பள்ளிகளில் இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டுதான் ஆங்கிலவழிப் பிரிவு நடக்கிறது. ஈராசிரியர் பள்ளி என்றால் ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேரே பார்க்க வேண்டும். தமிழ்வழிப் பிள்ளையும் ஆங்கிலவழிப் பிள்ளையும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். பாடம் தமிழில் விளக்கப்படும். வினா விடை ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதப்படும். பிள்ளை அதைப் பார்த்து எழுதும், பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும், அடுத்த வாரம் மறந்துவிடும். வீட்டில் சந்தேகம் கேட்க ஆளில்லை.

ஏன் ஆளில்லை என்பதைக் கணக்கே சொல்லும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் 31 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அரியலூரில் 23 விழுக்காடு. மாநில அளவு 20 விழுக்காடுதான். எழுத்தறிவில் மாநிலம் 80 விழுக்காட்டைத் தொட்டபோது பெரம்பலூர் 74, அரியலூர் 71 என்று பின்தங்கி நின்றன. வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டப் போகும் பிள்ளைகள் நம் தெருக்களில் இன்னும் ஏராளம்.

இதில் பெற்றோரிடம் யாரும் சொல்லாத இன்னொரு விலையும் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழி என்றால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். ஆங்கிலவழிப் பிரிவில் கையெழுத்துப் போடும் தாய், இருபது ஆண்டு கழித்துப் பிள்ளைக்கு வரக்கூடிய ஓர் உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறார். தெரிந்து விட்டுக்கொடுத்தால் அது அவர் முடிவு. தெரியாமல் விட்டுக்கொடுக்க வைப்பது அநீதி.

டி.சி. இல்லை என்றால் இடமில்லையா?

அடுத்தது, ஊர் விட்டு ஊர் போகும் நம் பிள்ளைகள். மழை பொய்த்தால், அறுவடை முடிந்தால், வாங்கிய முன்பணத்தைக் கழிக்க வேண்டுமென்றால் குடும்பமே கிளம்புகிறது. கரும்பு வெட்டு, செங்கல் சூளை, சென்னைக் கட்டட வேலை, திருப்பூர் பனியன் கம்பெனி என்று மேஸ்திரி காட்டும் இடத்துக்கு மூட்டை முடிச்சோடு பிள்ளையும் போகிறது. நான்கு மாதமோ ஆறு மாதமோ கழித்துத் திரும்பும்போது வகுப்பில் பாடம் எங்கோ போயிருக்கும்.

திருப்பூரிலிருந்து திரும்பிய ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். இரண்டு பிள்ளைகளையும் பழைய பள்ளியில் விடப் போனபோது, அங்கிருந்து டி.சி. வாங்கி வந்தால்தான் சேர்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். போய்வரச் செலவு, கூலி இழப்பு, அங்கே நிற்கவைக்கும் நேரம் எல்லாவற்றையும் கணக்குப் போட்ட அவர், மூத்த பெண்ணை வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்ற முடிவோடு வந்திருந்தார். சட்டத்தின் நகலோடு போய்ப் பேசிய பிறகே இருவருக்கும் இடம் கிடைத்தது.

அந்தச் சட்டம் 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது பிரிவு 5. இடையில் படிப்பு நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களை எட்டிப்பிடிக்கச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது பிரிவு 4. இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சேர்க்கையை உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று பிரிவு 9 தனியாகவே எழுதி வைத்திருக்கிறது. இந்த மூன்று எண்களும் காலனியில் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

சிமெண்டு ஊர்களின் பிள்ளைகள்

நம் பிள்ளைகள் வெளியூர் போகும் அதே சாலையில் வேறு பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். அரியலூரின் சுண்ணாம்புக்கல்லை நம்பி நிற்கும் சிமெண்டு ஆலைகளிலும், கட்டடப் பணிகளிலும், ஓட்டல்களிலும் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் மாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். சிலர் குடும்பத்தோடு தங்குகிறார்கள். அவர்களிலும் தலித்துகளும் ஆதிவாசிகளும் உண்டு. இந்தியும் ஒடியாவும் பேசும் அந்தப் பிள்ளை அரசுப் பள்ளிக்கு வருகிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி எந்தப் பள்ளியில் படித்தாலும் அது தமிழ்ப் பாடம் படித்தாக வேண்டும். பெயர் பதிவேட்டில் ஏறுகிறது, சோறு கிடைக்கிறது, கடைசி பெஞ்சில் இடமும் கிடைக்கிறது. வகுப்பில் பேசுவது ஒன்றும் விளங்குவதில்லை.

'வடக்கன் பிள்ளை' என்று அதைக் கூப்பிடும் வாய்கள் நம் தெருவிலும் இருக்கின்றன. அந்த வாய்களுக்கு நாங்கள் சொல்வது இது: ஆங்கிலவழிப் பிரிவில் விழிக்கும் நம் பிள்ளையும், தமிழ் வகுப்பில் விழிக்கும் அந்தப் பிள்ளையும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். தெரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டு, மக்குப் பிள்ளை என்று இருவருக்கும் ஒரே பட்டத்தைத்தான் கட்டுகிறார்கள்.

சமமாகக் கொடுத்தால் போதுமா?

இதே வழக்கு அமெரிக்காவில் நடந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீன வம்சாவளி மாணவர்களுக்கு எந்தத் தனி உதவியும் இல்லாமல் மற்றவர்களோடு சேர்த்துப் பாடம் நடத்தினார்கள். எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டது நிர்வாகம். லாவ் எதிர் நிக்கோல்ஸ் என்ற அந்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மொழி புரியாத மாணவனுக்கு ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமமாக நடத்துவது ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

நம் மாவட்டத்துக்கு இந்த நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பிளஸ் டூவில் 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவ இடம் மறுக்கப்பட்ட குழுமூர் அனிதாவை 2017 செப்டம்பரில் நாம் இழந்தோம். மறு ஆண்டு நீட் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்களின் மொழிபெயர்ப்பு தவறாக இருந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தரச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. வினாத்தாள் மொழியில் நடக்கும் தவறு யார் தலையில் விடியும் என்பதை அப்போதே பார்த்தோம்.

வழி இல்லாமல் இல்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017-இல் 'ரோஷ்னி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. இந்தி, வங்காளம், ஒடியா தெரிந்த கல்வித் தன்னார்வலர்கள் வழக்கமான வகுப்புக்கு முன் புலம்பெயர் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்தார்கள். பிள்ளையின் மொழியில் தொடங்கி மலையாளத்துக்கும் ஆங்கிலத்துக்கும் படிப்படியாக அழைத்துப் போனார்கள். காலை உணவும் கொடுத்தார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளில் ஒடியா பாடநூல்களைக் கொண்டே ஒடிசாப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திய அனுபவம் நம் மாநிலத்துக்கும் உண்டு.

காலை எட்டு மணி

இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தால் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் மணி அடிப்பதற்கு முன்பே பள்ளியில் இருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் காலை வேளையில் கிடைக்கும் நேரம் மொழிப் பயிற்சிக்குப் போதும். ஆள் வேண்டுமா? 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் தெருப் பெண்களே நல்ல தன்னார்வலர்கள் என்று காட்டிவிட்டது. இந்தி தெரிந்த ஒரு தொழிலாளியின் மனைவிக்கும் சிறு மதிப்பூதியம் கொடுத்தால் பீகார்ப் பிள்ளைக்கும் ஆள் கிடைத்துவிடும்.

ஆங்கிலவழிப் பிரிவில் செய்ய வேண்டியதும் எளியதுதான். பாடத்தின் கருத்தைத் தமிழில் புரியவைப்பது. பிறகு அதற்குரிய ஆங்கிலச் சொற்களைக் கொடுப்பது. பிறகு பிள்ளையையே இரண்டு வரி பேசவைப்பது. 'ஒளிச்சேர்க்கை', 'போட்டோசிந்தசிஸ்' என்று இரண்டு சொற்களும் வகுப்புச் சுவரில் அடுத்தடுத்துத் தொங்கட்டும். ஆங்கிலத்தை நல்ல மொழிப் பாடமாக, பேசவும் எழுதவும் வரும்படி கற்றுக்கொடுத்தால், தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கும் ஆங்கிலம் வரும். 20 விழுக்காடு உரிமையும் கையில் இருக்கும். எந்த வழி என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். சேர்க்கையின்போதே இரண்டின் லாப நட்டத்தையும் தலைமை ஆசிரியர் எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

கோரிக்கையை எங்கே வைப்பது? கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு எண்ணிக்கைக்கேற்ற இடம் இருக்க வேண்டும். பல ஊர்களில் நம் பெண்களின் பெயர் குழுவில் இருக்கிறது. கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போய் உட்காருங்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு பாதியில் போன பிள்ளைகள் எத்தனை பேர், திரும்பி வந்தவர்களுக்குச் சிறப்புப் பயிற்சி நடக்கிறதா, மொழி புரியாத பிள்ளைகளுக்குக் காலையில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண் இருப்பதால் முதல் கேள்விக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அங்கே பதில் கிடைக்காவிட்டால் ஆகஸ்ட் 15 கிராமசபை இருக்கிறது. தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தீர்மானத்தில் நம் பிள்ளைகளோடு சிமெண்டு ஆலைக் குடியிருப்பில் இருக்கும் அந்தப் பீகார்ப் பிள்ளையின் பெயரும் இருக்கட்டும்.